கயிற்றுக்கு இணங்கிய வீரன்: ஹோமரின் ‘ஒடிஸி’ காவியம் தரும் பாடம்



டிராய் நகரத்து யுத்தம் முடிந்து, ஒடிஸியஸ் என்னும் கிரேக்க அரசன் தன் சொந்த நாடாகிய இதாக்காத் தீவுக்குப் புறப்பட்டபோது அவனுடன் 12 கப்பல்கள் இருந்தன. பத்தாண்டுகள் கழித்து அவன் ஊர் வந்து சேர்ந்தபோது ஒரு கப்பலும் இல்லை. ஒரு துணைவனும் இல்லை. அந்நியர் ஒருவருடைய கப்பலில், அயர்ந்து உறங்கியபடியே வந்து, கரையில் இறக்கி விடப்பட்டான். இப்படித் தன்னோடு வந்த அனைவரையும் இழந்து திரும்பிய இந்த மனிதனைத்தான் உலகம் ஏறக்குறைய 2,700 ஆண்டுகளாக வீரன் என்று கொண்டாடி வருகிறது. இது நியாயந்தானா? இவனுடைய வீரம் எங்கே இருக்கிறது? குற்றம் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காவியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

1. காவியமும் கதாநாயகனும்

‘ஒடிஸி’ 24 காண்டங்களும் 12,000-க்கு மேற்பட்ட அடிகளும் கொண்ட பழைய கிரேக்கக் காவியம். கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி அது உருவாயிற்று என்பது அறிஞர் பலருடைய கருத்து. அதைப் பாடியவர் ஹோமர் என்பது வழிவழி வந்த மரபு. அவர் பெயரால் வழங்கும் மற்றொரு காவியம் ‘இலியத்’. டிராய் யுத்தத்தையும் அக்கிலீஸ் என்னும் மாவீரனின் சினத்தையும் பாடுவது அது. மூலத்தில் ‘இலியத்’தின் முதற்சொல் ‘கோபம்’ என்னும் பொருளுடையது. ‘ஒடிஸி’யின் முதற்சொல்லோ ‘மனிதன்’ என்னும் பொருளுடையது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தேவனையோ, குற்றமற்ற உத்தமனையோ பாட வரவில்லை கவி. மனிதனைப் பாட வருகிறார்.

அந்த மனிதனுக்குக் கவி கொடுக்கும் முதல் அடைமொழி, ‘பல திருப்பங்கள் உடையவன்’ என்று பொருள்படும். பல திசைகளில் திரிந்து அலைந்தவன் என்றும் கொள்ளலாம். நேர் வழியில் போகாத தந்திரக்காரன் என்றும் கொள்ளலாம். புகழும் பழியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இன்னும் ஒன்று. கடற்பயணத்தின் பெரும்பகுதியைக் கவி தம் வாயால் சொல்லவில்லை. கரை ஒதுங்கிய நாட்டில், ஆல்கினூஸ் என்னும் அரசனுடைய சபையில், ஒடிஸியஸே தன் கதையை எடுத்துச் சொல்கிறான். 9 முதல் 12 வரையுள்ள காண்டங்கள் அவன் கூற்றாகவே அமைந்தவை. ஆகவே அவனுடைய தவறுகளுள் பலவற்றை நாம் அவன் வாய்மொழியாகவே அறிகிறோம்.

2. பெயரை மறைத்தவன், பெயரைக் கூவியவன்

ஒற்றைக் கண் அரக்கன் பாலிபீமஸின் கதையை உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒடிஸியஸ் 12 பேரைத் தெரிந்தெடுத்துக்கொண்டு அரக்கனுடைய குகைக்குள் செல்கிறான். அரக்கன் அப்போது அங்கே இல்லை. பாலாடைக் கட்டிகளையும் ஆட்டுக் குட்டிகளையும் எடுத்துக்கொண்டு உடனே போய்விடலாம் என்று துணைவர்கள் மன்றாடுகிறார்கள். அவன் கேட்கவில்லை. குகைக்கு உரியவனைப் பார்க்க வேண்டும், விருந்தாளிக்குரிய வெகுமதி அவனிடம் பெற வேண்டும் என்பது அவன் ஆசை. அன்று அவர்கள் சொல்லைக் கேட்டிருந்தால் எவ்வளவோ நலமாயிருந்திருக்கும் என்று பின்னால் அவனே ஒப்புக்கொள்கிறான். அந்த ஆசைக்கு விலை ஆறு உயிர்கள். மூன்று வேளை, வேளைக்கு இருவராக அரக்கன் தின்று தீர்த்தான்.

அதன்பின் ஒடிஸியஸ் காட்டிய விவேகத்தை யாரும் மறுக்க முடியாது. தன் பெயர் ‘யாருமில்லை’ என்று அரக்கனிடம் சொல்லி, மதுவைக் கொடுத்து மயக்கி, காய்ச்சிய கழியால் அவன் கண்ணைக் குத்திவிடுகிறான். அலறல் கேட்டு ஓடிவந்த மற்ற அரக்கர்கள், உன்னைத் துன்புறுத்துவது யார் என்று வெளியே நின்று கேட்க, “யாருமில்லை” என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். தன் பெயரையே துறக்கத் துணிந்ததால் ஒரு மனிதன் தானும் தப்பினான்; மிஞ்சிய தோழரையும் தப்புவித்தான்.

ஆனால் கப்பல் கரையை விட்டு விலகியதும் என்ன நடந்தது? அவனால் வாயை அடக்க முடியவில்லை. அரக்கனை ஏளனம் செய்து கூவுகிறான். அரக்கன் எறிந்த பாறை கடலில் விழுந்து, எழுந்த அலை கப்பலைக் கரைக்கே தள்ளிவிடுகிறது. தோழர்கள் கெஞ்சித் தடுக்கிறார்கள். கேளாமல் மறுபடியும் கூவுகிறான்: தன் பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அறிவிக்கிறான். பெயர் தெரிந்ததும் அரக்கன் தன் தந்தையாகிய கடல் தேவன் பொஸைடனை நோக்கிச் சாபமிடுகிறான். இவன் வீடு போய்ச் சேரக் கூடாது. போய்த்தான் ஆகவேண்டுமென்றால் நெடுங்காலம் கழித்து, தோழர் எல்லாரையும் இழந்து, பிறர் கப்பலில் போகட்டும். வீட்டிலும் துன்பத்தையே காணட்டும் என்கிறான். அந்தச் சாபம் அப்படியே பலித்தது.

உயிருக்கு ஆபத்து இருந்தபோது பெயரைத் துறக்க முடிந்தவனால், ஆபத்து நீங்கியபோது துறக்க முடியவில்லை. துன்பத்தில் அடங்கியிருக்கும் அகங்காரம் வெற்றியில் தலைதூக்குகிறது.

3. திறக்கப்பட்ட காற்றுப் பை

அடுத்து, காற்றுகளுக்குக் காவலனான ஏயோலஸ் அவனை உபசரித்து, தீய காற்றுகளையெல்லாம் ஒரு தோற்பைக்குள் கட்டிக் கொடுத்து, நல்ல காற்றை மட்டும் வீசவிட்டு வழியனுப்புகிறான். ஒன்பது நாட்கள் பயணம் சுகமாக நடக்கிறது. பத்தாம் நாள் இதாக்கா கண்ணுக்குத் தெரிகிறது. கரையில் மனிதர் தீ மூட்டுவதுகூடத் தெரிந்ததாம்! அந்த வேளையில் ஒடிஸியஸ் தூங்கிவிடுகிறான். ஏன்? ஒன்பது நாட்களும் பாய்க் கயிற்றை வேறொருவர் கையில் கொடுக்காமல், விரைவில் வீடு சேரும் ஆவலால், தானே பிடித்துக்கொண்டிருந்தான். களைப்பு மேலிட்டது.

அவன் தூங்கியதும் தோழர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நாமும் இவனோடுதானே அலைந்தோம், நாம் வெறுங்கையோடு திரும்புகிறோம், இவனுக்கு மட்டும் பையில் பொன்னும் வெள்ளியும் இருக்கிறதே என்று பொறாமை கொள்கிறார்கள். பையை அவிழ்க்கிறார்கள். சூறாவளி கிளம்பி, கப்பல்களைத் திரும்பவும் ஏயோலஸின் தீவுக்கே கொண்டு போய்விடுகிறது.

குற்றம் தோழருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பைக்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு ஏன் தெரியவில்லை? தலைவன் சொல்லவில்லை. அவன் அவர்களை நம்பவில்லை. அவர்களும் அவனை நம்பவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒரு தோற்பை போதும், சொந்த ஊர்க் கரையிலிருந்து திருப்பி அடிப்பதற்கு.

இதற்குப் பிறகு லேஸ்ட்ரிகோனியர் என்னும் அரக்கர் நாட்டில் 11 கப்பல்கள் அழிந்து போயின. மற்றவை துறைமுகத்துக்குள்ளே கட்டப்பட்டிருந்தன. ஒடிஸியஸின் கப்பல் மட்டும் வெளியே ஒரு பாறையில் கட்டப்பட்டிருந்தது. அவன் ஏன் அப்படிச் செய்தான், மற்றவர்களை ஏன் எச்சரிக்கவில்லை என்பதைக் காவியம் சொல்லவில்லை. வாசிப்பவர் மனத்தில் அந்தக் கேள்வி முள்ளாகத் தங்கிவிடுகிறது.

4. பாய்மரத்தில் கட்டுண்டவன்

இப்போது இந்தப் பாடத்தின் நடுவிடத்துக்கு வருகிறோம். மிஞ்சிய ஒரு கப்பல் சைரன்கள் வாழும் தீவைக் கடந்து போக வேண்டும். அவர்கள் பாட்டைக் கேட்டவன் வீடு திரும்புவதில்லை. அந்தப் பாட்டு வெறும் இனிமையான பாட்டு அன்று. டிராயில் நடந்தது எல்லாம் தெரியும், உலகில் நடப்பது எல்லாம் தெரியும், வந்து கேட்டு அறிந்து போ என்பதே அவர்கள் அழைப்பு. புகழ் நாட்டமும் அறியும் ஆவலும் நிறைந்த ஒடிஸியஸுக்கென்றே செய்த தூண்டில் அது.

என்ன செய்வது என்று சர்சி என்னும் மாயக்காரி முன்னரே சொல்லியிருந்தாள். இந்த முறை ஒடிஸியஸ் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. இதை ஒருவர் இருவர் மட்டும் அறிந்திருப்பது முறையன்று என்று தொடங்கி, தோழர்களுக்கு எடுத்துரைக்கிறான். அவர்கள் காதுகளை மெழுகால் அடைக்கிறான். தன்னைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்கிறான். கட்டை அவிழ்க்கும்படி தான் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும் என்றும் கட்டளையிடுகிறான். பாட்டு எழும்புகிறது. அவன் புருவத்தால் சைகை காட்டி அவிழ்க்கச் சொல்கிறான். பெரிமிடீஸும் யூரிலோக்கஸும் எழுந்து வந்து கயிற்றை இன்னும் இறுக்குகிறார்கள். கப்பல் கடந்து போகிறது. ஓர் உயிரும் சேதமில்லை.

வாசகரே, சற்று நின்று யோசியுங்கள். கத்தியும் ஈட்டியும் இல்லாத வெற்றி இது. ‘நான் பலவீனன்; அந்த நேரம் வரும்போது என் சொல்லை நம்பாதீர்கள்’ என்று தன் கீழுள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்த வெற்றி. தலைவன் கட்டுண்டு கிடக்கிறான், தோழர்கள் துடுப்பு வலிக்கிறார்கள், எல்லாரும் பிழைக்கிறார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்ஸாந்திரியா நகரத்துக் கிளமெந்து என்னும் கிறிஸ்தவ ஆசிரியர், அந்தப் பாய்மரத்தைச் சிலுவை மரத்துக்கு அடையாளமாக எடுத்துக்காட்டினார். மரத்தோடு கட்டுண்டவனே விடுதலை அடைகிறான் என்று அவர் கண்டார்.

5. மறுபடியும் மௌனம்

ஒருமுறை கற்ற பாடம் நிலைத்துவிடுவதில்லை என்பதையும் ஹோமர் காட்டத் தவறவில்லை. அடுத்த ஆபத்து, ஆறு தலைகள் கொண்ட ஸில்லா. இதைப் பற்றி ஒடிஸியஸ் தோழர்களிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் பயந்து துடுப்பை விட்டு ஒளிந்துகொள்வார்கள் என்று எண்ணினான். சர்சியின் அறிவுரையையும் மறந்து, இரண்டு ஈட்டிகளோடு கப்பல் முகப்பில் நின்றான். எல்லாரும் மறுபக்கத்துச் சுழலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸில்லா ஆறு பேரைக் கவ்விக்கொண்டது. அவர்கள் கையை நீட்டி அவன் பெயரைச் சொல்லிக் கதறினார்கள். கடலில் தான் கண்டவற்றுள் மிகப் பரிதாபமான காட்சி அதுவே என்று அவன் சொல்கிறான்.

கடைசியில் சூரிய தேவனின் தீவு. அங்குள்ள மாடுகளைத் தொடுவதில்லை என்று தோழர்கள் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் எதிர்க்காற்று. உணவு தீர்ந்தது. ஒடிஸியஸ் தனியே சென்று வேண்டுதல் செய்தவன் உறங்கிப்போக, யூரிலோக்கஸின் பேச்சைக் கேட்டு மாடுகளை அறுக்கிறார்கள். பின்பு நடுக்கடலில் இடி விழுந்து அனைவரும் மாய்கிறார்கள்.

தோழர்கள் தங்கள் மதிகேட்டினாலேயே அழிந்தார்கள் என்று காவியத்தின் தொடக்கத்திலேயே கவி கூறிவிடுகிறார். ஆனால் 10-ஆம் காண்டத்தில் இதே யூரிலோக்கஸ், குகையில் இறந்தவர்கள் ஒடிஸியஸின் மதிகேட்டினால் இறந்தார்கள் என்று முகத்துக்கெதிரே சொல்கிறான். இரண்டு இடங்களிலும் ஹோமர் வழங்கும் கிரேக்கச் சொல் ஒன்றே. குற்றச்சாட்டைக் கேட்ட ஒடிஸியஸ் கத்தியை உருவி, உறவினனென்றும் பாராமல் அவன் தலையைச் சீவ எண்ணினான்; மற்றவர்கள் தடுத்தார்கள். உண்மை சுடும்போதுதான் கை கத்தியைத் தேடுகிறது.

6. அழியாத வாழ்வை மறுத்தவன்

இத்தனை குறைகள் இருந்தும் அவன் ஏன் வீரன்? 5-ஆம் காண்டம் பதில் தருகிறது. கலிப்ஸோ என்னும் தேவமங்கை அவனைத் தன் தீவில் ஏழாண்டுகள் வைத்திருந்தாள். தன்னோடு இருந்தால் சாவும் மூப்பும் இல்லாத வாழ்வு தருவதாகச் சொன்னாள். அவன் கடற்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பெனலோப்பி அழகில் உனக்கு ஈடாகமாட்டாள், அவள் மூப்பும் சாவும் உள்ளவள், ஆயினும் நான் வீடு போகவே விரும்புகிறேன் என்று மறுமொழி சொன்னான். சாகாதிருப்பதைக் காட்டிலும் மனைவிக்குக் கணவனாக, மகனுக்குத் தகப்பனாக, மூப்படைந்து சாவது மேல் என்று தெரிந்தெடுத்தான். அரக்கனை வென்றதைவிட இதுவே பெரிய வீரம் என்று சொல்லத் தோன்றுகிறது.

7. வீட்டு வாசலில்

இருபதாம் ஆண்டில் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு வருகிறான். அவன் மனைவியை மணக்கவென்று வந்து, அவன் சொத்தைத் தின்று கொழுத்தவர்கள் 108 பேர். அவர்களில் ஒருவன் முக்காலியை வீசி அடிக்கிறான், அசையாமல் நிற்கிறான். அவன் வளர்த்த நாய் ஆர்கஸ், குப்பைமேட்டில் கிடந்தபடியே எசமானனை அறிந்து வாலை ஆட்டிவிட்டு உயிர் விடுகிறது. கண்ணீரையும் மறைத்துக்கொள்கிறான். குகைக்கு வெளியே வாயை அடக்காதவன், இங்கே தன் வீட்டிலேயே பெயரில்லாதவனாக இருக்கக் கற்றுக்கொண்டான்.

அவன் மனைவி பெனலோப்பியும் பொறுமையில் அவனுக்கு இளைத்தவளல்லள். மாமனாருக்குப் பிணச்சீலை நெய்து முடித்த பிறகே மறுமணம் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்து மூன்றாண்டுகள் கடத்தியவள் அவள். வந்தவன் கணவன்தானா என்று அவள் சோதித்த விதம் அழகானது. கட்டிலை அறைக்கு வெளியே எடுத்துப் போடும்படி பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். அந்தக் கட்டில் வேரூன்றி நின்ற ஒலிவ மரத்தையே காலாக வைத்து அவன் செய்தது, அசைக்க முடியாதது. யார் அதை அசைத்தது என்று அவன் பதறிக் கத்துகிறான். ஆயிரம் பொய் சொன்ன வாயிலிருந்து மனைவியின் ஒரு சொல் உண்மையை வரவழைத்துவிட்டது.

8. வெற்றியின் கணக்கு

ஆனாலும் கவி கணக்கை மூடிவிடவில்லை. 108 பேரும் கொல்லப்படுகிறார்கள். நட்டஈடு தருகிறோம் என்று ஒருவன் வேண்டியும் பயனில்லை. பணிப்பெண்கள் 12 பேரை மகன் டெலிமாக்கஸ் தூக்கிலிடுகிறான். படிக்கும் நமக்கு நெஞ்சு கனக்கிறது. வயது முதிர்ந்த தன் தகப்பனைக் கண்டபோதுங்கூட, அவசியமில்லாமல் ஒரு பொய்க் கதையைச் சொல்லி அவரை அழவைத்த பிறகே ஒடிஸியஸ் தன்னை வெளிப்படுத்துகிறான். ஆபத்தில் பழகிய பொய், ஆபத்து தீர்ந்தும் விடவில்லை.

கடைசிக் காண்டத்தில், மகனைப் பறிகொடுத்த யூபீத்தீஸ் என்னும் தகப்பன் ஊரார் நடுவே எழுந்து அழுகிறான். இவன் கப்பல்களையும் நல்ல மனிதரையும் கூட்டிச் சென்றான். கப்பல்களையும் தொலைத்தான், மனிதரையும் தொலைத்தான். வந்ததும் மிஞ்சியவர்களில் சிறந்தவர்களைக் கொன்றான் என்று முறையிடுகிறான். அந்த முறையீட்டுக்குக் காவியத்தில் தக்க மறுமொழி இல்லை. சண்டை மூளுகிறது, தேவதை அதீனா தலையிட்டு நிறுத்துகிறாள். அவ்வளவே.

9. நாம் கற்பது

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஒடிஸியஸ் வீரன்தான், ஆனால் அவன் வீரத்தின் விலையைப் பிறர் கொடுத்தார்கள். அவன் பலவீனத்தையும் ஆபத்தையும் மறைத்த இடங்களிலெல்லாம் தோழர்கள் துன்பப்பட்டார்கள். பலவீனத்தைச் சொல்லிக் கயிற்றுக்கு இணங்கிய ஓரிடத்தில் எல்லாரும் பிழைத்தார்கள்.

நம் வீடுகளைப் பாருங்கள். கடன்பட்ட தகப்பன் மனைவி மக்களிடம் சொல்லாமல் தானே சமாளிப்பதாக எண்ணுகிறான். காற்றுப் பை ஒருநாள் அவிழ்கிறது. குடிப்பழக்கத்துக்கு அடிமையானவன் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுவேன் என்கிறான். ஆனால் சம்பளத்தை நேராக மனைவி கையில் கொடுத்துவிட்டு, ‘நான் கேட்டாலும் தராதே’ என்று சொன்னவனே கரை சேர்கிறான். சங்கத்துத் தலைவர், கணக்கை எல்லார் முன்னும் வைத்தால் சந்தேகத்துக்கு இடமேது? கட்டச் சொல்வதற்கும் துணிவு வேண்டும். கெஞ்சும்போது அவிழ்க்காமல் இறுக்குவதற்கும் உண்மையான தோழர் வேண்டும்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. பாய்மரத்தில் கட்டச் சொன்னதும், ஸில்லாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் ஒரே மனிதன் செய்தவை. பின்னதற்கு அவன் சொன்ன காரணம் சரியா? உங்கள் கருத்தைக் கூறுக.

2. காற்றுப் பை அவிழ்ந்ததில் தலைவனுடைய பங்கு எவ்வளவு, தோழருடைய பங்கு எவ்வளவு?

3. யூபீத்தீஸின் முறையீட்டுக்கு ஒடிஸியஸ் மறுமொழி சொல்வதானால் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

4. உங்கள் வாழ்க்கையில் எந்தக் காரியத்தில் உங்களைக் கட்டிவைக்கும்படி பிறரிடம் கேட்க வேண்டியிருக்கிறது? யாரிடம் கேட்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் விடையை எழுத வேண்டாம். இன்றே உரியவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.